வடசென்னைப் பிள்ளைகளைப் பற்றிய புள்ளிவிவரம்: எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது

கொருக்குப்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு வருடாவருடம் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் களப்பணிக்கு வருவார்கள். வந்த இரண்டாவது வாரமே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அக்கா, வடசென்னையில எத்தனை பிள்ளைங்க கொடுமையால பாதிக்கப்பட்டிருக்காங்கன்னு ஒரு நம்பர் கிடைக்குமா? புராஜெக்ட்ல போடணும்."

அப்படி ஒரே ஒரு நம்பர் கிடையாது. பத்துப் பன்னிரண்டு நம்பர்கள் இருக்கின்றன. வேறு வேறு ஆட்கள் வேறு வேறு காரணத்துக்காக எண்ணி வைத்தவை, ஒன்றோடு ஒன்று ஒட்டாது. இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எந்த வாசல் வழியாக வந்தது என்று கேளுங்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலா, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு வந்த போனா, நீதிமன்றமா, ஆஸ்பத்திரியா, இல்லை யாரோ வீட்டு வாசலுக்கே வந்து கேள்வி கேட்ட சர்வேயா? அந்த வாசலுக்கு வந்த பிள்ளைதான் அந்த எண்ணில் இருக்கும். எந்த வாசலுக்கும் வராத பிள்ளை எதிலும் இருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் தேடுவதும் சுலபம், கிடைத்ததைப் படிப்பதும் சுலபம்.

முதலில் ஒரு விஷயம். தேடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் தெருவில், வகுப்பில், வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஏதோ நடக்கிறது என்று தெரியவந்தால் ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிட்டு 1098-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 இருக்கிறது. படம், வீடியோ, ஆன்லைன் மிரட்டல் என்றால் 1930. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19, 21-வது பிரிவுகளின்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். அது டாக்டருக்கும் டீச்சருக்கும் மட்டுமில்லை, கையில் நோட்டோடு சர்வே எடுக்கப் போன மாணவருக்கும் பொருந்தும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகளிடம் கேட்க ஒரு கேள்வித்தாளைத் தயாரித்துக்கொண்டு வந்தார். நல்ல பெண், அக்கறையோடுதான் வந்தார். நான்காவது கேள்வியே "உன்னை யாராவது தப்பாகத் தொட்டிருக்கிறார்களா?" என்பதுதான். ஒன்பது வயதுப் பிள்ளையிடம், பக்கத்தில் மற்ற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் கேட்கும் கேள்வி. "ஆமாம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அவருடைய கல்லூரியில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவும் இல்லை. கேள்வித்தாளை வாங்கி வைத்துக்கொண்டேன், அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன: பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்ய பெற்றோரின் சம்மதம் வேண்டும், அதற்கு மேல் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஒரு செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய முடியாது. ஏற்கெனவே எண்ணி வைத்திருப்பதை எடுத்து ஒழுங்காகப் படித்தாலே ஒரு வருட வேலை இருக்கிறது. அதைச் செய்யுங்கள், பிள்ளைகளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

போலீஸ் வாசல்

எல்லாரும் முதலில் போவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைக்கு. என்.சி.ஆர்.பி. என்று கூகுளில் போட்டாலே வரும், 'கிரைம் இன் இந்தியா' என்பது அறிக்கையின் பெயர். மூன்று தொகுதிகளாக பிடிஎஃப் ஆக இருக்கும், அட்டவணைகளைத் தனியே எக்செல்லாகவும் எடுக்கலாம். குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் '4' என்று தொடங்கும் அட்டவணைகளில் இருக்கின்றன. மாநில வாரியாக ஒன்று, 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 பெருநகரங்களுக்கு ஒன்று. சென்னை அந்த 19-இல் இருக்கிறது.

நாடு முழுக்க 2022-இல் குழந்தைகளுக்கு எதிராகப் பதிவான வழக்குகள் 1,62,449. 2023-இல் 1,77,335. இதைப் பார்த்ததும் "கொடுமை 9 சதவீதம் கூடிவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள், எத்தனையோ பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். கூடியது பதிவான வழக்கு. ஒரு ஊரில் அனைத்து மகளிர் காவல் நிலையம் நன்றாக நடந்தால், பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அம்மாக்கள் பயமில்லாமல் ஸ்டேஷன் படி ஏறினால் அங்கே எண் கூடும். எண் குறைவாக இருக்கும் ஊரில் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை, அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை என்றும் இருக்கலாம். எது என்று அந்த அட்டவணையை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

அந்த அறிக்கையைப் படிக்கும்போது இன்னும் மூன்று இடத்தில் கால் இடறும். ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் பெரியது எதுவோ அதன் கீழ் மட்டும்தான் எண்ணுவார்கள், ஆகவே ஒரு கொலை வழக்குக்குள் இருக்கும் மற்றக் கொடுமைகள் அவற்றுக்குரிய கட்டத்தில் வராது. இரண்டாவது, எண்ணுவது வழக்கை, குற்றவாளிகளை அல்ல. 2018-இல் அயனாவரத்தில் ஒரு சிறுமிக்கு நடந்தது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். 17 பேர் கைதானார்கள், 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குகளின் கட்டத்தில் அது ஒன்று. பாதிக்கப்பட்டவர்கள், கைதானவர்கள் எண்ணிக்கை தனித்தனி அட்டவணைகளில் இருக்கும், மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, தண்டனை விகிதம். அது பதிவான வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்ற கணக்கு அல்ல, அந்த ஆண்டில் விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனை என்ற கணக்கு. நிலுவையில் கிடப்பவை அதில் சேராது. அவைதான் அதிகம், அதனால் நிலுவை அட்டவணையைப் பார்க்காமல் தண்டனை விகிதத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

அதே அறிக்கையில் குற்றவாளிக்கும் பிள்ளைக்கும் என்ன உறவு என்று ஓர் அட்டவணை இருக்கும். எனக்குக் கேட்டால் முழு அறிக்கையிலும் பெற்றோர் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான். போக்சோவின் கடுமையான பிரிவுகளில் நூற்றுக்கு 90-க்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவர்: குடும்பத்தார், பக்கத்து வீட்டுக்காரர், பழகியவர். "தெரியாதவங்க கூப்பிட்டா போகாதே" என்று மட்டும் சொல்லி வளர்க்கிறோமே, அது எவ்வளவு போதாது என்று அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். போக்சோவில் 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைதான், அதனால் பதினாறு பதினேழு வயதில் காதலித்து ஓடிப்போன வழக்குகளும் அதே எண்ணுக்குள் இருக்கின்றன. பெங்களூருவைச் சேர்ந்த என்ஃபோல்ட் என்ற அமைப்பு அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கத்துத் தீர்ப்புகள் 7,064-ஐப் படித்துப் பார்த்து, அதில் 1,715 இப்படிப்பட்ட காதல் வழக்குகள் என்று சொன்னது. கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. தமிழ்நாட்டுக்கும் அதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இங்கேயும் அந்த வகை வழக்குகள் உண்டு என்பது சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைப் புரட்டினாலே தெரியும்.

எல்லை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

நம் பகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டம் 46.46 லட்சம் பேர். அதில் திருவொற்றியூர் இல்லை, மணலி இல்லை, மாதவரம் இல்லை. அவை அப்போது திருவள்ளூர் மாவட்டம். மாநகராட்சி 2011-இலேயே அவற்றைச் சேர்த்துக்கொண்டு 200 வார்டு ஆகிவிட்டது, ஆனால் மாவட்ட எல்லை 2018-இல்தான் மாறியது. ஆகவே 2018-க்கு முந்தைய "சென்னை மாவட்டம்" என்ற எண்ணில் எண்ணூர் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பாதி வடசென்னை கிடையாது. அதற்குப் பிந்தைய எண்ணோடு அதை அப்படியே ஒப்பிட்டு "கூடியது, குறைந்தது" என்று சொன்னால் இரண்டு வேறு ஊர்களை ஒப்பிடுகிறோம் என்று அர்த்தம்.

போலீஸ் எல்லை இன்னொரு கதை. 2022 ஜனவரியில் ஆவடி, தாம்பரம் என்று இரண்டு புதிய ஆணையரகங்கள் வந்தன. எண்ணூர், மணலி பக்கமெல்லாம் ஆவடிக்குப் போயிற்று. மாவட்டம் சென்னை, மாநகராட்சி சென்னை, போலீஸ் மட்டும் ஆவடி. என்.சி.ஆர்.பி. அட்டவணை போலீஸ் எல்லைப்படிதான் போகும். சென்னை எண் திடீரென்று குறைந்தாற்போல் எந்த வருடமாவது தெரிந்தால் சந்தோஷப்படும் முன் எல்லையைப் பாருங்கள்.

கூடவே, கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். இங்கே பள்ளிப் பதிவில் "இடைநின்றார்" என்றிருப்பவர் அங்கே சேர்ந்திருக்கலாம், எங்குமே சேராமலும் இருக்கலாம்.

நான் செய்வது இதுதான்: ஒரு வெள்ளைத்தாளில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று மாநகராட்சியின் முதல் ஆறு மண்டலங்களையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த வருடத்தில் எந்த மாவட்டம், எந்தப் போலீஸ் என்று குறித்துக்கொள்வேன். ஒரு மணி நேர வேலை. அதற்கப்புறம்தான் எந்த அட்டவணையையும் திறப்பேன்.

வீட்டு வாசலுக்கு வந்த சர்வேக்கள்

பதிவாகாதது எவ்வளவு என்று அறிய ஒரே வழி நேரில் கேட்பது. அதை முறையாகச் செய்தவர்கள் குறைவு.

2007-இல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். ஏதாவது ஒரு வகையில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். இன்றைக்கும் மேடையில் பேசுகிறவர்கள், பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லாரும் தூக்கிக்காட்டும் எண் இதுதான். ஆனால் அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆந்திரம் இருக்கிறது, கேரளம் இருக்கிறது, நாம் இல்லை. "தமிழ்நாட்டில் பாதிப் பிள்ளைகள்" என்று அதை மேற்கோள் காட்டும் கட்டுரையைப் பார்த்தால், எழுதியவர் ஆய்வைத் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதோடு, தெருவில் வாழும் பிள்ளைகள், வேலைக்குப் போகும் பிள்ளைகள், குழந்தைகள் இல்லங்களில் உள்ளவர்கள் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டிருக்கிறார்கள். வரையறையும் அகலமானது, அதில் கடுமையானவை என்று பிரித்தவை சுமார் 21 சதவீதம். இதெல்லாம் அறிக்கையிலேயே இருக்கிறது, யாரும் மறைக்கவில்லை.

சென்னைக்கென்று கேட்டால் துளிர் என்ற சென்னை அமைப்பு சேவ் த சில்ரன் அமைப்போடு சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. பள்ளிக்குப் போகும் 2,211 பிள்ளைகளிடம் கேட்டார்கள். 42 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைக் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஆண்பிள்ளைகளில் 48, பெண்பிள்ளைகளில் 39. ஆண்பிள்ளைகளின் விகிதம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். போலீஸ் வாசல் அட்டவணையில் பையன்கள் கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். இரண்டு வாசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பையன்கள் சொல்வதில்லை, சொன்னாலும் வீட்டார் ஸ்டேஷனுக்குப் போவதில்லை என்ற விஷயமே புலப்படும். பழைய ஆய்வுதான், பள்ளிக்கே போகாத பிள்ளைகள் அதில் இல்லை. ஆனாலும் நம் ஊரைப் பற்றி எழுத உட்காருகிறவர் அதைப் படிக்காமல் தொடங்கக் கூடாது.

அப்புறம் தேசியக் குடும்பநல ஆய்வு. ஐந்தாவது சுற்று 2019-21. இதில் 18 முதல் 29 வயதுப் பெண்களிடம் 18 வயதுக்குள் பாலியல் வன்முறையைச் சந்தித்தீர்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்றவர்கள் நாடு முழுக்க 1.5 சதவீதம்தான். 53 எங்கே, 1.5 எங்கே? மாணவர்கள் இங்கேதான் குழம்பிப்போய், "எதுக்கா உண்மை?" என்று கேட்பார்கள். இரண்டும் அவரவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில். ஒன்றில் பிள்ளைகளிடமே பல வகைக் கொடுமைகளைப் பெயர் சொல்லிச் சொல்லிக் கேட்டார்கள். இன்னொன்றில் உடல்நலம், குடும்பக்கட்டுப்பாடு என்று நீண்டுபோகும் ஒரு பெரிய கேள்வித்தாளுக்குள், வளர்ந்த பெண்களிடம், வீட்டுக்கு வந்த முன்பின் தெரியாதவர் ஓரிரு கேள்விகளில் கேட்டுவிட்டுப் போனார். அதில் ஆண்களிடம் கேட்கவும் இல்லை. எண்ணை எழுதும்போது கேள்வியையும் சேர்த்து எழுதிவிட்டால் குழப்பமே வராது.

அந்த ஆய்வில் குழந்தைத் திருமணம், குழந்தைகளின் எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் மாவட்ட வாரியாகவே கிடைக்கும். சென்னைக்குத் தனித் தாள் உண்டு. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18-க்கு முன் திருமணமானவர்கள் தமிழ்நாட்டில் 12.8 சதவீதம், நாட்டளவில் 23.3. வன்முறை பற்றிய கேள்விகள் மட்டும் மாநில அளவோடு நின்றுவிடும், மாவட்டத் தாளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பள்ளிச் சேர்க்கை, இடைநிற்றலுக்கு யுடைஸ் பிளஸ் தளம் போதும், ஒவ்வொரு பள்ளியையும் தனியாகத் திறந்து பார்க்கலாம். பிள்ளைகளின் வாசிப்பு, கணக்குத் திறனை அளக்கும் ஏசர் அறிக்கை நல்ல அறிக்கைதான், ஆனால் அது கிராமங்களுக்கு மட்டும், வடசென்னைக்கு உதவாது.

நீதிமன்றம்

இ-கோர்ட்ஸ் தளத்தில் சட்டத்தின் பெயரை வைத்துத் தேடும் வசதி உண்டு. நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, போக்சோ சட்டத்தைக் குறிப்பிட்டு, நிலுவை, முடிந்தவை என்று பிரித்துப் பார்க்கலாம். சட்டத்தின் 35-வது பிரிவு கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. 'விதி' சட்டக் கொள்கை மையம் என்ற ஆய்வு அமைப்பு இதே தளத்திலிருந்து மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் என்று 28 இடங்களின் 2,30,730 வழக்குகளை எடுத்துப் பார்த்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வழக்கு முடிய சராசரியாக 509 நாளுக்கு மேல் ஆகிறது, விசாரணை முடிந்தவற்றில் 43 சதவீதம் விடுதலையில் முடிகிறது என்று வந்தது. கணினி தெரிந்த மாணவர் யாராவது இருந்தால் இதே முறையைச் சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டும் செய்து பார்க்கலாம். நான் பார்க்க ஆசைப்படும் ஆய்வு அது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் விட்டுவிடாதீர்கள், அவற்றுக்குள் அரசு தாக்கல் செய்த விவரங்கள் நிறைய இருக்கும். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் நடந்த சுரண்டலைப் பற்றி 2007-இல் தொடங்கிய வழக்கில் 2017 மே 5 அன்று வந்த தீர்ப்பைப் படியுங்கள். 2020 ஜூனில் ராயபுரம் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குக் கொரோனா வந்தபோது உச்ச நீதிமன்றம் அரசிடம் விளக்கம் கேட்டது, அந்த உத்தரவுகளும் பொதுவில் இருக்கின்றன. இல்லங்களில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஊழியர்கள் என்று கேள்விகள் எழுத உட்காருகிறவருக்கு என்ன கேட்பது என்பதை அவை கற்றுக்கொடுக்கும்.

அரசு அலுவலகங்களும் ஆர்டிஐயும்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனுப் போடும் முன் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்துவிடுங்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் புத்தகம், தமிழிலேயே இருக்கும், அரசுத் தளத்தில் இலவசம். சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையுடையதை எடுங்கள். எத்தனை இல்லங்கள், எவ்வளவு நிதி, எத்தனை குழந்தைத் திருமணங்கள் தடுத்தார்கள் என்று இருக்கும். கெல்லீஸில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் துறைக்கு இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்று பெயர் மாறிவிட்டது. பழைய ஆண்டுகளுக்குப் பழைய பெயரில் தேட வேண்டும்.

அதில் மாநில மொத்தம்தான் இருக்கும். வடசென்னைக்கு இறங்க வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் வழி. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளில் எழுதினால் போதும், இணையத்திலும் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கப்புறம் மாநிலத் தகவல் ஆணையம்.

எங்கே அனுப்புவது? வழக்குகளுக்கு வேப்பேரியில் உள்ள மாநகரக் காவல் ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர், எண்ணூர் மணலி என்றால் ஆவடி. இல்லங்கள், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கு வந்த பிள்ளைகள் பற்றியென்றால் வடசென்னைக்கான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம், அது ராயபுரத்தில் இருக்கிறது. நலக் குழுவின் வேலையை மாவட்ட ஆட்சியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது, அந்த ஆய்வு நடந்த தேதிகளை ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் கேட்கலாம். தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் கவலை வேண்டாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி ஐந்து நாளில் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "குழந்தைகள் ஏன் பாதுகாப்பாக இல்லை?" என்று கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒற்றை வரியில் திருப்பிவிடுவார்கள். நான் முதலில் போட்ட மனு அப்படித்தான் திரும்பி வந்தது. ஏற்கெனவே அவர்கள் பதிவேட்டில் இருக்கும் எண்ணைக் கேளுங்கள். இப்படி:

"2021 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை, தங்கள் எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் போக்சோ சட்டத்தின் கீழ்ப் பதிவான முதல் தகவல் அறிக்கைகளின் எண்ணிக்கையை ஆண்டு வாரியாகத் தரவும். அவற்றில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனவை, விசாரணையில் உள்ளவை, தண்டனையில் முடிந்தவை, விடுதலையில் முடிந்தவை எத்தனை என்று தனித்தனியே தரவும். பெயர், முகவரி உள்ளிட்ட தனிநபர் விவரம் எதுவும் வேண்டாம்."

அந்தக் கடைசி வரியை மறக்காமல் போடுங்கள். பிள்ளைகளின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்று சொல்லி மறுப்பதற்கு அதற்கப்புறம் காரணம் இருக்காது. ஒரே மனுவில் இருபது கேள்வி வேண்டாம், நான்கைந்து போதும்.

ஆய்வுக் கட்டுரைகள்

கூகுள் ஸ்காலர், பப்மெட் எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்தில்தான் தேட வேண்டியிருக்கும், 'சைல்ட் அப்யூஸ்' என்று மட்டும் போடாமல் 'மால்ட்ரீட்மென்ட்', 'நெக்லெக்ட்', 'கார்ப்பரல் பனிஷ்மென்ட்' என்று மாற்றி மாற்றிப் போட்டு, கூடவே சென்னை என்றும் மெட்ராஸ் என்றும் தனித்தனியே சேர்த்துப் பாருங்கள். பலருக்குத் தெரியாத இடம் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியம். ஸ்டான்லி, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் போன்ற இடங்களில் மேற்படிப்புப் படித்த டாக்டர்களின் ஆய்வேடுகள் முழுதாக இருக்கின்றன. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி, எந்தப் பத்திரிகையிலும் வராத விவரங்கள் அவற்றில் கிடைக்கும். மற்றப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையதளம், தமிழில் எழுதியவையும் அதில் உண்டு. வரலாற்றுப் பக்கம் ஆர்வம் இருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகம். 1920-இலேயே மெட்ராஸ் குழந்தைகள் சட்டம் வந்துவிட்டது, நாட்டிலேயே முந்தியது நம் மாகாணம்தான்.

வெளிநாட்டில் அமெரிக்காவில் குழந்தைக் கொடுமை, புறக்கணிப்பு பற்றிய தேசியத் தரவுக் காப்பகம் இருக்கிறது, 1988-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மற்றவர்கள் செய்த ஆய்வின் மூலத் தரவையே பெயர் நீக்கி வாங்கி வைத்து, ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு ஆய்வும் அறிக்கை அச்சானதும் அதோடு முடிந்துபோகிறது, அடுத்தவர் திரும்பவும் பிள்ளைகளிடம் போய் அதே கேள்வியைக் கேட்கிறார். அந்தக் காப்பகத்தின் விளக்கக் கையேடுகளை எல்லாரும் படிக்கலாம், ஒரு கேள்வியை எப்படி வரையறுப்பது என்று பார்க்க நல்ல இடம்.

அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரு பழக்கம் உண்டு. அவர்களுடைய ஒரு பெரிய தரவுத்தொகுப்பில், ஆயிரம் பதிவுகளுக்குக் கீழ் உள்ள மாவட்டத்தின் பெயரையே வெளியிட மாட்டார்கள், அங்கே இருக்கும் பிள்ளை யார் என்று யாரும் ஊகிக்கக் கூடாது என்பதற்காக. நம் ஊரில் இது இன்னும் அவசியம். ஆர்டிஐயில் வந்த எண்ணை ஸ்டேஷன் வாரியாக, வருட வாரியாக, வயது வாரியாகப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கட்டத்தில் 1 என்று வந்து நிற்கும். கொருக்குப்பேட்டை, 2023, பத்து வயதுக்குக் கீழ், ஆண்பிள்ளை, 1. அதைப் படித்தால் தெருவே யார் வீட்டுப் பையன் என்று சொல்லிவிடும். போக்சோவின் 23-வது பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் அடையாளம் தெரியும்படி வெளியிடுவதைத் தடுக்கின்றன, பெயர் போடாவிட்டாலும் இது அதே தப்புதான். ஐந்துக்குக் கீழே எந்தக் கட்டம் வந்தாலும் இரண்டு வருடத்தையோ இரண்டு ஸ்டேஷனையோ சேர்த்து எழுதுங்கள், முடியாவிட்டால் "5-க்கும் குறைவு" என்று போட்டுவிட்டு, கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி அந்த வரிசையின் மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள்.